மகளுக்குப் பென்சிலின் ஆகாதா?

கேள்வி: என் மகளுக்கு 11 மாதம். மூன்று நாட்கள் 103 டிகிரி காய்ச்சல். இரண்டாம் நாள் பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் சிரப் கொடுத்தார்கள். நான்காம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. மாலையில் மார்பிலும் முதுகிலும் ரோஜா நிறப் புள்ளிகள். மாமியார் அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகினார். மருத்துவமனையிலோ ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள். இரண்டே நாளில் புள்ளிகள் மறைந்தன. இனி அந்த மருந்து அவளுக்கு ஆகவே ஆகாதா, டாக்டர்?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: புள்ளி மறைந்துவிட்டது, சிவப்பு மை மறையாது அம்மா. என் கவலை அதுதான். நீங்கள் சொல்லும் வரிசை ரோசியோலா என்ற வைரஸ் காய்ச்சலுக்கே உரியது. காய்ச்சல் விட்ட கையோடு உடம்பில் புள்ளி பூக்கும், அரிக்காது, குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். மனித ஹெர்பிஸ் வைரஸ் 6 தான் இதற்குக் காரணம் என்று 1988-இல் ஜப்பானிய மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த வைரஸ் தொற்றிவிடுகிறது. ஆன்டிபயாடிக்குக்கு இங்கே வேலையே இல்லை. சிரப் கொடுத்த நாட்களில் புள்ளியும் வந்ததால் பழி மருந்தின்மேல் விழுந்திருக்கிறது.

தட்டம்மை என்றால் காய்ச்சல் கொதிக்கும்போதே காதோரத்திலும் முகத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும். கண் சிவக்கும், இருமலும் மூக்கொழுகலும் இருக்கும். ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியாரின் வேப்பிலை வாசலில் இருந்துவிட்டுப் போகட்டும். குழந்தையைக் குளிப்பாட்டாமல் மட்டும் வைக்க வேண்டாம்.

என் மேசையில் எப்போதும் ஒரு கண்ணாடித் தம்ளர் இருக்கும். புள்ளியின்மேல் அதை அழுத்துவேன். அழுத்தத்தில் புள்ளி வெளிறினால் நிம்மதி. வெளிறாமல் அப்படியே தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நம் ஊரில் டெங்குவும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் முற்றும். அப்போது குழந்தை துவண்டு கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நோட்டில் ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்று எழுதிய அந்த வரியை அப்படியே விட்டுவிடாதீர்கள். நாளை நிமோனியா வந்தால் முதலில் கை நீட்டும் மருந்தே அமாக்சிசிலின்தான். மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் அரிப்போடு தடித்ததா, உதடு வீங்கியதா, மூச்சு இழுத்ததா? இல்லையென்றால் ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வீட்டில் கொடுத்துப் பார்க்க வேண்டாம். குழந்தை மருத்துவரின் கண்காணிப்பில் கொடுத்துச் சோதிக்கலாம். சிரப் கொடுத்த நாள், காய்ச்சல் விட்ட வேளை, புள்ளி தெரிந்த வேளை மூன்றையும் ஒரு தாளில் எழுதி நோட்டோடு எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் படம் இருந்தால் அதையும் காட்டுங்கள்.