கடல் வரும் என்கிறார்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

கருங்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமியார் தினமும் யூடியூபில் ஒரு ஊழியக்காரர் பேசுவதைக் கேட்கிறார். வரும் டிசம்பருக்குள் கடல் பொங்கி நம் மாவட்டத்துக் கரையை அழிக்கும், கர்த்தர் எனக்குக் காட்டினார் என்று அவர் சொல்லியிருக்கிறார். மாமி குளச்சலில் பிறந்தவர், சுனாமியில் தங்கையைப் பறிகொடுத்தவர். அங்கே அவர் பங்கு நிலத்தில் நாங்கள் கட்டும் வீடு லிண்டில் மட்டத்தோடு நிற்கிறது. கான்கிரீட் போட வைத்திருக்கும் பணத்தை அந்த ஊழியத்துக்கு அனுப்பிவிடலாம், அழியப்போகிற இடத்தில் வீடு எதற்கு என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணினால் தண்டனை வருமோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் பயம். தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதீர்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். நீங்கள் கேள்வி கேட்பது பாவமாகாது. அதுதான் உங்களுக்கு இடப்பட்ட கட்டளை.

நாள் குறிப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர்தான் அறிவார் என்று மத்தேயு 24இல் இயேசுவே சொல்லிவிட்டார். அமெரிக்காவில் ஹெரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கியார் நியாயத்தீர்ப்புக்கு 2011 மே 21 என்று நாள் குறித்தார். அது தப்பியதும் அக்டோபர் 21 என்றார். நாள் குறித்தது பாவம் என்று அடுத்த வருடம் அவரே எழுதினார். அதற்குள் அவரை நம்பியவர்களில் சிலர் சேமிப்பையெல்லாம் விளம்பரப் பலகைகளில் போட்டிருந்தார்கள்.

நான் முக்கியமாகப் பார்ப்பது, அந்த வார்த்தை கேட்டவர்களை என்ன செய்ய வைக்கிறது என்பதை. அப்போஸ்தலர் 11ஆம் அதிகாரத்தை மாமியோடு உட்கார்ந்து வாசியுங்கள். கொடிய பஞ்சம் வரும் என்று அகபு என்ற தீர்க்கதரிசி அந்தியோகியாவில் சொல்கிறார். அங்கேயும் பணம் சேர்ந்தது. யாருக்கு? யூதேயாவில் இருந்த சகோதரருக்கு. அவரவர் திராணிக்குத் தக்கபடி கொடுத்ததை பர்னபாவும் சவுலும் கொண்டுபோய் மூப்பர்களிடம் சேர்த்தார்கள். அகபு தனக்கென்று எதையும் கேட்டதாக அங்கே ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் எரேமியா 32. எருசலேம் விழும் என்று வருடக்கணக்காகச் சொன்ன தீர்க்கதரிசி எரேமியா. பாபிலோன் படை நகரத்தை வளைத்து நிற்கிறது, அவரோ காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, ஆனதோத்தில் நிலம் வாங்குகிறார். பத்திரம் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்த தேசத்தில் இன்னும் வீடுகளும் நிலங்களும் வாங்கப்படும் என்பது கர்த்தர் அவருக்குக் கொடுத்த வார்த்தை. அழிவு உண்மையாகவே வந்த காலத்திலும் தீர்க்கதரிசி செய்தது இதுதான். கான்கிரீட்டை நிறுத்தாதீர்கள்.

நம் கரைக்கு எச்சரிக்கை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. தேடிக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று அந்தக் குடும்பங்கள் குழித்துறையில் ரயிலை மறித்ததை மறக்க முடியுமா? 2024 மே மாதம் கள்ளக்கடல் எச்சரிக்கை, அதாவது கரையில் புயல் அறிகுறியே இல்லாமல் திடீரென்று எழும் பேரலைக்கான எச்சரிக்கை, இருந்தும், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. உண்மையான எச்சரிக்கை எந்தக் கரை, எத்தனை மணிவரை, அலை எவ்வளவு உயரம் என்று சொல்லும். கடலில் இறங்காதே, வள்ளத்தை மேலே ஏற்று என்று சொல்லும். அதை நாலு பேருக்குச் சொல்வது நம் கடமை. தங்கையைக் கடலில் இழந்தவரிடம் கடல் மறுபடியும் வரும் என்று சொல்லி, கூடவே காணிக்கையும் கேட்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மாமியோடு சண்டை போடாதீர்கள். போனைப் பிடுங்காதீர்கள். அந்தத் தங்கையைப் பற்றி அவரிடம் கேளுங்கள். எத்தனை தடவை சொன்னாலும் கேளுங்கள். டிசம்பர் 26 அன்று குளச்சலில் சுனாமி நினைவு ஜெபம் நடக்கும், அவரைத் தனியாக அனுப்பாமல் கூடவே போங்கள். உங்கள் போதகரையும் ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஜெபித்துவிட்டு உடனே கிளம்ப விடாமல், மாமி தன் வாயாலேயே அவரிடம் எல்லாவற்றையும் கேட்கட்டும்.