கெண்டாமா பந்தில் விழுந்த விரிசலை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். விரிசல் முடி அளவில் இருக்கும்போதே கை வைக்க வேண்டும். (கெண்டாமா என்பது ஜப்பானிய மர விளையாட்டுப் பொருள்; கைப்பிடிக் கட்டையில் கயிற்றால் கட்டிய ஓட்டைப் பந்தைத் தூக்கிப் போட்டு, கட்டையின் கூர்முனையில் பிடிக்க வேண்டும்.) உங்கள் மகளின் கெண்டாமா பந்தில், கூர்முனை நுழையும் ஓட்டையின் விளிம்பிலிருந்து அரை விரல் நீளத்துக்குக் கோடு ஓடியிருக்கிறது, ஃபெவிகால் தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடவாதீர்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். பெரம்பூர் வீட்டு மொட்டை மாடியில் மூன்றாம் நாளே அதே இடம் வாய் பிளந்தது. ஃபெவிகால் நல்ல பசைதான், ஆனால் கெட்டியானது. முடி விரிசலுக்குள் இறங்காமல் மேலேயே காய்ந்துவிடும்.

முதலில் பந்தைக் காதருகே வைத்து விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று திடமாகக் கேட்டால் விரிசல் மேலோடு நிற்கிறது. சத்தம் உடைந்து, சரசரவென்று அதிர்ந்தால் உள்ளே ஆழமாகப் போயிருக்கிறது.

கயிற்றைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் விரிசலில் உள்ள தூசியைத் தட்டி எடுங்கள். தண்ணீர் படவே கூடாது. மழைக்காலமாக இருந்தால் ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் நிழலில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வைத்தால் விரிசல் இன்னும் நீளும்.

அப்புறம் ஃபெவிக்விக் மாதிரி தண்ணீராக ஓடும் பசையை விரிசலின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். மரம் அதை அப்படியே குடிக்கும். உடனே இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பந்தை இறுக்கி ஒரு நிமிடம் பிடியுங்கள். இந்தப் பசை காற்றின் ஈரத்தைப் பிடித்துத்தான் இறுகுகிறது; நம் சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் யோசிக்க நேரம் இருக்காது. காய்ந்ததும் இன்னொரு சொட்டு விடுங்கள். மரம் குடிப்பது நிற்கும்வரை இப்படியே. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அதன் மேல் பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி இழுத்துக் கட்டி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். உருண்டைப் பொருளை இந்த ட்யூப் பிடிக்கிற மாதிரி எந்தக் க்ளாம்பும் பிடிக்காது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வழிந்த பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் சட்டென்று சூடேறிப் புகையும், கை சுட்டுவிடும். இந்த வேலையை நீங்கள் செய்யுங்கள், மகள் தள்ளி நின்று பார்க்கட்டும். விரல் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரிக்கலாம். நெயில் பாலிஷ் நீக்கியைப் பந்தின் பக்கமே கொண்டுவராதீர்கள், பெயின்ட் கரைந்துவிடும்.

காலையில் 220 எண் உப்புத்தாள், பிறகு 400 எண் உப்புத்தாள் போட்டு, பசை மேடாக நிற்கும் இடத்தை மட்டும் தேயுங்கள். ஓட்டையின் உள்பக்கத்தைத் தேய்க்க வேண்டாம். அங்கே கொஞ்சம் அகலமானாலும் கூர்முனையில் பந்து உட்காரும் விதமே மாறிவிடும். கூர்முனையிலும் மெல்லிய பிளவு தெரிந்தால் அதற்கும் ஒரு சொட்டு போதும். நுனி கெட்டிப்படவும் இது உதவும்.

ஏன் விரிசல் விடுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாட்டில்தான் சுருங்கும், உப்பும். கெண்டாமா பெரும்பாலும் பீச், மேப்பிள் மாதிரி குளிர்நாட்டு மரத்தில் கடைந்தது. மே மாதம் ஏசி அறையில் காய்ந்து, ஐப்பசி மழையில் ஊறி, நடுவே டைல்ஸ் தரையில் விழுந்தால், மரத்தின் ரேகை எங்கே பலவீனமோ அங்கே விரிசல் விட்டுவிடும். சின்ன வயதில் ஆக்கர் விழுந்து பம்பரம் பிளந்ததும் இதே ரேகையில்தான். அப்போது தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவோம். கெண்டாமாவுக்கு அந்த விலை கட்டுப்படியாகாது, கைக்குப் பழகிய பந்தை விடவும் மனசு வராது.

ஆனால் விரிசல் ஒரு ஓட்டையிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கயிற்று ஓட்டைவரை போய், கையால் அழுத்தினால் அசைகிறது என்றால் ஒட்ட வேண்டாம். ஆடும்போது பிளந்தால் முகத்துக்கு நேரே பறக்கும். பந்து மட்டும் தனியாக ஆன்லைனில் கிடைக்கிறது, அதை வாங்கிப் பழைய கட்டையிலேயே மாட்டிக்கொடுங்கள். ஒட்டிய பந்தாக இருந்தால், முதல் ஒரு வாரம் தரையில் கோரைப்பாய் விரித்து அதன் மேல் நின்று ஆடச் சொல்லுங்கள்.