பத்து நிமிஷ பேண்டை வச்சு முடிவு பண்ணாதீங்க

எம்எஸ்சி ப்ராஜெக்ட் பண்ற ஒரு தங்கச்சியோட கேள்வி: "பிசி12 செல்லுக்கு என்ஜிஎஃப் போட்டு நாலு நாள் ஆச்சு, ஒரு செல் கூட நியூரைட் விடல. ஆனா 10 நிமிஷத்துல எடுத்த வெஸ்டர்ன் பிளாட்ல பாஸ்போ ஈஆர்கே பேண்ட் பளிச்சுனு இருக்கு. சிக்னல் போயும் செல் ஏன் மாறல?"

(புதுசா படிக்கறவங்களுக்கு: பிசி12ங்கறது எலியோட அட்ரினல் கட்டிலேர்ந்து எடுத்து லேப்ல வளர்க்கற செல், என்ஜிஎஃப் நரம்பு வளர்ச்சிக் காரணி, அதைப் போட்டா செல் நரம்பு செல் மாதிரி மாறி நீட்டுற வால்தான் நியூரைட். வெஸ்டர்ன் பிளாட் ஒரு புரதத்தைக் கோடா, அதாவது பேண்டா காட்டுற சோதனை, பாஸ்போ ஈஆர்கேன்னா பாஸ்பேட் ஏறி வேலை செய்யற ஈஆர்கே புரதம்.)

அந்த ஒரு பேண்ட் எதையும் நிரூபிக்கலம்மா. என்ஜிஎஃப் போய் செல் மேல இருக்கற டிஆர்கே-ஏ ரிசெப்டர்ல உக்காருது, அங்கேர்ந்து ராஸ், ராஃப், மெக், ஈஆர்கேன்னு உள்ள இருக்கற புரதங்கள் வழியா கை மாறி கை மாறி செய்தி போகுது, சரி, ஆனா ஈஜிஎஃப்னு இன்னொரு வளர்ச்சிக் காரணியைப் போட்டாலும் இதே வழிதான், அஞ்சு பத்து நிமிஷத்துல இதே பேண்ட் வரும், அந்த செல் நரம்பு செல்லா மாறாது, பெருகிட்டுதான் இருக்கும். வித்தியாசம் ஈஆர்கே எவ்ளோ நேரம் எரியுதுங்கறதுல இருக்கு. ஈஜிஎஃப்ல ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துல பெரும்பாலும் அணைஞ்சிடும், என்ஜிஎஃப்ல பல மணி நேரம் நிக்கும், அப்படி நின்னாதான் நியூக்ளியஸுக்குள்ள போய் தேவையான ஜீன்களை எழுப்பும். 1995ல கிறிஸ்டோபர் மார்ஷல்ங்கற ஆராய்ச்சியாளர் இதை அழகா தொகுத்து எழுதினாரு.

(ஒரு வேடிக்கை, ஸ்டான்லி கோஹன் எலி உமிழ்நீர் சுரப்பிலேர்ந்து என்ஜிஎஃப் பிரிக்கறப்ப, அந்த சாறு போட்ட குட்டிங்க சீக்கிரமே கண்ணைத் திறந்துச்சு, அதைத் துரத்திப் போய்தான் ஈஜிஎஃப் கிடைச்சுது. ரீட்டா லெவி-மோன்டால்சினியும் அவரும் 1986ல நோபல் வாங்கினாங்க.)

அதனால என்ஜிஎஃப் போட்டு 5 நிமிஷம், 30 நிமிஷம், 2 மணி நேரம், 4 மணி நேரம்னு ஒவ்வொரு கட்டத்துலயும் சாம்பிள் எடுத்து டைம் கோர்ஸ் பாருங்க. ஈஜிஎஃப் மட்டும் போட்டது ஒரு செட், எதுவும் போடாம மீடியா மட்டும் மாத்துனது ஒரு செட், கட்டாயம். புது மீடியால இருக்கற சீரமே ஈஆர்கேயைக் கொஞ்ச நேரம் எழுப்பிவிடும், உங்க 10 நிமிஷ பேண்ட் அதுவா கூட இருக்கலாம். டோட்டல் ஈஆர்கே (பாஸ்பேட் ஏறினது, ஏறாதது எல்லாம் சேர்த்து) போடாம எந்த முடிவுக்கும் வராதீங்க.

2 மணி நேரத்துலயே பேண்ட் போயிடுச்சுன்னா என்ஜிஎஃப் மேல சந்தேகப்படுங்க. திரும்பத் திரும்ப உருக்கி உறைய வச்சிருப்பீங்க, இல்ல பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின் புரதம்) கலக்காம ரொம்ப டைல்யூட் பண்ணி வச்சிருப்பீங்க, அப்போ பாதி என்ஜிஎஃப் ட்யூப் சுவத்துலயே ஒட்டிக்கும். ஒரு தடவைக்கு வேணுங்கற அளவுல சின்ன சின்ன அலிகாட்டா பிரிச்சு வைங்க, மில்லிக்கு 50லேர்ந்து 100 நானோகிராம் போதும். பாசேஜ் நம்பர் (செல்லை எத்தனை தடவை பிரிச்சு வளர்த்தீங்கங்கற கணக்கு) ரொம்ப ஏறிப்போன செல்லுன்னா, முன்னாடி உறைய வச்ச பழைய செல் குப்பியைத் திறங்க.

4 மணி நேரத்துக்கப்புறமும் பேண்ட் நின்னுச்சுன்னா சிக்னல்ல கோளாறு இல்ல, செல் ஒட்டி நிக்கற தரையிலதான். என் அனுபவத்துல பாதிப் பேர் இங்கதான் சறுக்குவாங்க. சும்மா பிளாஸ்டிக்ல பிசி12 சரியா ஒட்டாது, கொத்துக் கொத்தா மிதக்கும், பிடிச்சுக்க இடமில்லாம நியூரைட் எங்க நீளும்? கொலாஜனோ பாலி லைசினோ கோட் பண்ணுங்க, கொத்தை மெல்லிய ஊசியில ஏத்தி இறக்கி உடைச்சு செல் எண்ணிக்கை குறைவா விதைங்க, சீரத்தை 1 சதவீதத்துக்கு இறக்குங்க. ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம் புது என்ஜிஎஃப். செல் உடம்பை விட நீளமா இருந்தா மட்டும் நியூரைட்னு எண்ணுங்க.

இன்னொன்னு, நாலாவது நாளே கையை விரிச்சிடாதீங்க, நல்லா நீள அஞ்சுலேர்ந்து ஏழு நாள் ஆகும். அது வந்தப்புறம் தட்டுல ஒரு குழியில (வெல்) மெக் தடுப்பான் யூ0126 போட்டுப் பாருங்க, அங்க நியூரைட் நின்னுபோச்சுன்னா ரிப்போர்ட்ல ஈஆர்கே பேரை தைரியமா எழுதலாம்.