சாமி வேஷமும் என் மகன் வேஷமும்

கேள்வி: நாங்கள் சேலம் குகைப் பகுதியில் இருக்கிறோம். என் கணவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஜோடித்த வண்டிகள் ஊர்வலம் வரும் ஆடி மாத வண்டி வேடிக்கையில் வருஷம் தவறாமல் வேஷம் கட்டுவார், பெரும்பாலும் சிவன். மகனுக்கு 26 வயது, தனியார் கம்பெனியில் வேலை. அவனுக்கும் வேஷம் என்றால் உயிர். ஆனால் கட்டுவதெல்லாம் ஜப்பான் கார்ட்டூன் வீரன், அரக்கன், பேய். கிருஷ்ண ஜெயந்திக்குத் தெருப் பிள்ளைகளுக்கு வேஷம் போட்டுவிடுகிறான். அக்டோபர் கடைசியில் ஆபீஸில் பேயாகப் போகிறான். கிறிஸ்துமஸுக்கு ஏற்காட்டில் தாத்தா, அப்புறம் சென்னையில் காமிக் கான் என்கிற காமிக்ஸ் ரசிகர் விழா என்று வருஷம் முழுக்க இதே வேலை. வேஷத்தோடேயே பைக்கில் ஏற்காடு ஏறுகிறான். போன முறை கிரெடிட் கார்டில் 18,000 ரூபாய் செலவு செய்துவிட்டான். "சாமி வேஷமும் இவன் போடுற பேய் வேஷமும் ஒண்ணா?" என்று அப்பா கேட்க, "நீங்க மட்டும் கட்டலாமா?" என்று மகன் திருப்பிக் கேட்க, ஆறு மாதமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. அவனை நிறுத்தச் சொல்லட்டுமா? பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். பெண் வீட்டில் இதைச் சொல்வதா, மறைப்பதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நிறுத்தச் சொல்லாதீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. பழைய காலத்து ஆள் பேச்சு என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. ஆடித் திருவிழாவில் ஜோடித்த வண்டி மேல் அவர் சிவனாக நிற்கும்போது, தெருவின் இரண்டு பக்கமும் நிற்கிற ஜனங்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்தக் கும்பிடு அம்மனுக்கும் சாமிக்கும் போய்ச் சேர வேண்டியது, நாம் நடுவில் நிற்கிறோம் என்ற பயம் வேஷம் கட்டியவருக்கு இருக்கும். அந்தப் பயத்தோடு பல வருஷம் நின்றவருக்கு, மகன் அதே அரிதாரத்தைப் பூசிக்கொண்டு ஆபீஸில் சிரித்துப் போட்டோ எடுப்பதைப் பார்த்தால் நெஞ்சில் சுருக்கென்று தைக்கத்தான் செய்யும்.

ஆனால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று அவர் காட்டுகிற இடம் சரியில்லை. சாமி உருவம் உசத்தி, பேய் உருவம் மட்டம் என்று பிரிக்கிறார். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவை அவருக்கு நினைவுபடுத்துங்கள். அங்கே காளி வேஷம் போடுகிறவர்கள் 48 நாள்கூட விரதம் இருக்கிறார்கள். அதே கூட்டத்தில் குரங்கு, கரடி, அரக்கன், பைத்தியக்காரன் வேஷமும் வருகிறது. கரடி வேஷக்காரரும் மாலை போட்டு, விரதம் இருந்து, வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக் கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்துகிறார். அவர் போட்டது கரடி என்பதால் அம்மன் அந்தக் காணிக்கையைத் தள்ளிவைப்பதில்லை. நம் சேலம், தர்மபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தில் துரியோதனனுக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமுமாக எவ்வளவு பெரிய ஜோடிப்பு! பாரதக் கூத்து நடக்கிற ஊரில் துரியோதனன் கட்டுகிறவர் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. கைதேர்ந்த கூத்துக்காரர் என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே பிரிவு உருவத்தில் இல்லை. யாருக்காகக் கட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. அப்பா கட்டுவது நேர்த்திக்கடன். மகன் கட்டுவது ஆசைக்கு, கலைக்கு, தன்னைப்போல ரசிக்கிறவர்களோடு ஒரு நாள் கூடி நிற்பதற்கு. இரண்டும் ஒன்றில்லை என்று அப்பா சொல்வது சரி. ஒன்றில்லை என்பதாலேயே இரண்டாவது தப்பாகிவிடாது. இதை மகனும் புரிந்துகொள்ள வேண்டும். "நீங்க மட்டும் கட்டலாமா?" என்று அவன் கேட்டது தவறான கேள்வி. அப்பா வேண்டிக்கொண்டதைத் தன் பொழுதுபோக்கோடு சேர்த்து எடைபோட்டுவிட்டான். அதற்கு அவன் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். வண்டி வேடிக்கை அன்றைக்குக் குகைத் தெருவில் தன் கார்ட்டூன் கவசத்தோடு போய் நிற்கவும் கூடாது. ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் திருவிழா சமயத்திலும் அப்படியே. அது அந்த மலை மக்களின் சாமி நாள். அங்கே அவன் வேட்டி சட்டையோடு போய்க் கும்பிட்டுவிட்டு வரட்டும்.

மகனின் இந்த ஆசை நேற்று செல்போனோடு வந்த பைத்தியம் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரியில்லை. அமெரிக்காவில் 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே ஃபாரஸ்ட் ஆக்கர்மேன் என்ற இளைஞரும் மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்ணும் எதிர்கால மனிதர்களைப்போல உடுத்திக்கொண்டு போனார்கள். இரண்டு உடையையும் தைத்தவர் மிர்ட்டில்தான். இப்படிக் கதை வீரர்களைப்போல வேஷம் கட்டுவதற்குக் காஸ்பிளே என்ற பெயர் 1980-களில் ஜப்பானில் வந்தது. டெல்லியில் 2011-ல் தொடங்கிய காமிக் கான், சென்னைக்கு முதல்முறையாக 2024 பிப்ரவரியில் வந்தது. அதுவரை நம் ஊர்ப் பிள்ளைகள் இதற்காகப் பெங்களூரு போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே உங்கள் மகன் போய் நிற்கும்போது, முன்பின் தெரியாதவன் ஓடிவந்து அவன் கவசத்தைத் தொட்டுப் பார்த்து "இதை எப்படி ஒட்டினீர்கள்?" என்று கேட்பான். அந்த ஒரு கேள்விக்காக நாலு மாதம் வேலை செய்யலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. எனக்கு அதில் தப்பே தெரியவில்லை.

வருஷம் முழுக்க இதே வேலை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். வேஷம் போடுவது ஒரு நாள், செய்வதுதான் மாதக்கணக்கு. அவன் அறைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். கவசம் என்று தெரிவது பெரும்பாலும் ஈ.வி.ஏ. ஷீட்டாக இருக்கும். ரப்பர் செருப்பும் குழந்தைகள் விளையாடும் மெத்தைப் பாயும் செய்கிற அதே பொருள். முதலில் காகிதத்தில் அளவு வெட்டி, ஷீட்டில் வரைந்து, கத்தியைச் சாய்த்துப் பிடித்து அறுக்க வேண்டும். சூடான காற்று காட்டினால் ஷீட் இளகும், வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் வளைந்தபடியே நிற்கும். ஒட்டுவதற்கு இரண்டு பக்கமும் பசை தடவி, கையில் ஒட்டாத பக்குவத்துக்குக் காயவிட்டு, அப்புறம் சேர்த்து அழுத்த வேண்டும். ஒருமுறை கோணலாக ஒட்டினால் ஒட்டினதுதான். அதற்குமேல் வண்ணம், வண்ணத்தின்மேல் பழைய இரும்புபோலத் தெரிய ஒரு கறுப்புப் பூச்சு. இவ்வளவு பொறுமையும் அவனுக்கு எங்கிருந்து வந்தது? கொலுசில் கண்ணுக்குத் தெரியாத வளையத்தைக் குனிந்து குனிந்து பற்றவைக்கிற மனுஷனின் பிள்ளை அவன்.

இந்த இடத்தில்தான் அப்பாவையும் மகனையும் சேர்க்க வழி இருக்கிறது. உட்காரவைத்துச் சமாதானம் பேசாதீர்கள். ஆறு மாதக் கோபம் பேச்சில் கரையாது, இன்னும் நாலு பழைய விஷயத்தைக் கிளப்பும். வேலையைக் கொண்டு சேருங்கள். கிரீடம் நெற்றியில் நழுவாமல் மணிக்கணக்கில் நிற்க என்ன செய்ய வேண்டும், வேர்வையில் நீலம் வழியாமல் எப்படிப் பூச வேண்டும் என்பது உங்கள் வீட்டுக்காரருக்கு அனுபவத்தில் தெரியும். மகனுக்கு இது இரண்டுமே தேவை. "உன் கவசம் தோளில் நிற்கமாட்டேன் என்கிறதே, அப்பாவிடம் கேளேன்" என்று அவனிடம் சொல்லுங்கள். மன்னிப்பும் அந்தச் சாக்கில் வரட்டும். அடுத்த ஆடிக்கு அப்பாவின் கிரீடமோ சூலமோ எடை குறைவாகச் செய்து தர மகன் முன்வந்தால் இன்னும் நல்லது. வேண்டாம் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அவர் கட்டுவது விரதத்தோடு சேர்ந்தது, அதில் எது சேரும் எது சேராது என்பது அவர் முடிவு.

பட்டறைக்காரர் வீடு என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்தப் பசையிலிருந்து வரும் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். கொலுசு பற்றவைக்கிற நெருப்பு எரியும் இடத்திலும் அதற்குப் பக்கத்து அறையிலும் பசை டப்பாவைத் திறக்கவே கூடாது. மொட்டை மாடியிலோ நன்றாகக் காற்றோடும் திண்ணையிலோ வைத்து ஒட்டட்டும்.

உடம்பு விஷயத்திலும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். சுவருக்கும் ஷீட்டுக்கும் அடிக்கிற பெயின்டை முகத்தில் பூசக் கூடாது. முகத்துக்கென்று விற்கும் வண்ணத்தையும் முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட வேண்டும். கலைக்கும்போது தேங்காய் எண்ணெய் போதும், அப்பாவிடம் கேட்டால் அதையேதான் சொல்வார். கண்ணுக்குச் சிவப்பு, வெள்ளை லென்ஸ் வாங்கி மாட்டுகிறார்கள். கண் டாக்டர் பார்த்து அளவு சொல்லாமல் அதைத் தொடவே வேண்டாம், கருவிழியில் புண் வந்தால் பார்வையே போகலாம். சேலத்துச் சித்திரை வெயிலில் அந்த ஷீட் கவசத்துக்குள் காற்று போகாது. மயக்கம் வருவதற்கு முன் கழற்றி உட்காரத் தோதாக, அவன் கைக்கே எட்டும்படி கொக்கி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

ஏற்காடு விஷயத்தில் எனக்கு உங்கள் மகன்மேல் கோபமே வந்தது. 20 கொண்டை ஊசி வளைவுள்ள மலைப் பாதையில், தோளில் துணி பறக்க, பைக்கில் போவதா? அந்தத் துணி பின்சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் என்ன ஆகும் என்று அவனையே யோசிக்கச் சொல்லுங்கள். வேஷம் பையில் போகட்டும், தலையில் ஹெல்மெட் மட்டும் இருக்கட்டும். மேலே போய் மாற்றிக்கொள்ளலாம். முகமூடியைப் போட்டுக்கொண்டு பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் பக்கம் விளிம்பில் நின்று போட்டோ எடுப்பதும் வேண்டாம். முகமூடிக்குள்ளிருந்து பார்த்தால் காலடி தெரியாது. பனி இறங்கிவிட்டால் சொல்லவே வேண்டாம். கையில் துப்பாக்கிபோல எதையும் வெளியில் தெரியும்படி எடுத்துப் போக வேண்டாம். போலீஸ், ராணுவ உடையில் தெருவில் நடமாடுவதும் வேண்டாம். ஏமாற்றும் எண்ணத்தோடு போட்டான் என்று ஆகிவிட்டால் அது சட்டப்படி குற்றம்.

பணத்துக்கு வருகிறேன். 18,000 ரூபாயைவிட, அது கடன் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அந்தக் கடன் அடையும்வரை புது வேஷம் கிடையாது என்று நீங்கள் சொல்லலாம், அம்மாவுக்கு அந்த உரிமை உண்டு. அதன்பிறகு மாதச் சம்பளத்தில் ஒரு தொகையைத் தனியாக எடுத்துவைத்து, அதில் சேர்ந்தால் செய்வது, சேராவிட்டால் காத்திருப்பது என்று வைத்துக்கொள்ளட்டும். ஒரு கவசத்தையே வண்ணம் மாற்றி, தோள் மாற்றி இரண்டு மூன்று வேஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். துணிக்குச் சின்னக்கடை வீதியில் வெட்டுத் துண்டு தேடினாலே பாதி வேலை முடிந்துவிடும், நெசவுக்குப் பேர்போன ஊரில் துணிக்கா பஞ்சம்? கிருஷ்ண ஜெயந்திக்குத் தெருப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுகிறான் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு மனது நிறைந்தது. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு உடை தைத்துக் கொடுத்தால் கைச்செலவுக்கு ஏதாவது வரும். ஆனால் அதைத் தொழிலாக்கு என்று நெருக்காதீர்கள். ஆசையாகச் செய்வதற்கும் ஒரு இடம் இருக்கட்டும்.

வேலைக்கு ஒழுங்காகப் போகிறானா, ராத்திரி தூங்குகிறானா, வேஷம் இல்லாத நாளிலும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறானா என்று மட்டும் கவனியுங்கள். இதில் ஏதாவது குறைந்து, வேஷம் இல்லாவிட்டால் நான் யாருமே இல்லை என்பதுபோல அவன் பேசினால், அப்போது ஒரு மனநல டாக்டரைப் பார்ப்பது நல்லது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகப் பெண் வீடு. மறைக்காதீர்கள். கல்யாணத்துக்கு அப்புறம் பீரோவைத் திறந்து கொம்பு வைத்த தலை ஒன்றைப் பார்த்தால் அந்தப் பெண் பயப்படுவாள், இதையும் மறைத்தார்களே என்று உங்கள்மேல் நம்பிக்கையும் போகும். ஜாதகம் பொருந்தி, நேரில் பார்க்கப் போகும் கட்டம் வந்ததும் நீங்களே பேச்சை எடுங்கள். "பையனுக்கு வேஷம் கட்டுவதில் ஆசை, அவன் கையாலேயே செய்வான், அவங்க அப்பாவும் வண்டி வேடிக்கையில் கட்டுவார்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். பெரியவர்களிடம் அதுவே போதும். பெண்ணிடம் மட்டும் உங்கள் மகனே நேரில் பேசட்டும். பிள்ளைகளுக்குக் கிருஷ்ணன் வேஷம் போட்டுவிட்ட போட்டோ ஒன்று, கொம்பு வைத்த அரக்கன் போட்டோ ஒன்று, இரண்டையும் காட்டட்டும். அவள் முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம், அவளுக்கும் நல்லது, இவனுக்கும் நல்லது. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் மேற்கொண்டு பேசுங்கள்.