116ஆவது எண்ணில் அகப்பட்ட காரணி

கேள்வி: மகன் உயர்தரத்தில் கணிதம் படிக்கிறான். 4,294,967,297 முதன்மை எண்ணா என்று ரியூசனில் கேட்டிருக்கிறார்கள். 3, 7, 11 என்று தொடங்கி 101 வரைக்கும் இருக்கிற முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தான், ஒன்றாலும் மீதியின்றி வகுபடவில்லை. முதன்மை எண்தான் என்று எழுதிக் கொடுத்தான், பிழை போட்டுவிட்டார்கள். ஏன்?
– வாசகி, சுன்னாகம்

பதில்: மகன் கவலைப்படத் தேவையில்லை, சகோதரி. பிரெஞ்சுக் கணிதமேதை பெர்மாவே இந்த எண்ணில் பிழைவிட்டவர். 2இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களோடு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 வரும், ஐந்தும் முதன்மை எண்கள். 32ஆம் வலுவோடு கூட்டினால் வருவதுதான் உங்கள் எண், இந்த வரிசை முழுவதுமே முதன்மை எண்கள்தான் என்று 1640 அளவில் பெர்மா நம்பினார். 1732இல் ஒய்லர் என்ற கணிதமேதை, இல்லை, 641 இதன் காரணி என்று காட்டினார்.

641 முதன்மை எண்களில் 116ஆவது. மகன் 101இல், அதாவது 26ஆவதில் நிறுத்திவிட்டான். முதன்மை எண்தான் என்று அடித்துச் சொல்வதென்றால் வர்க்கமூலமான 65,536 வரைக்கும் போக வேண்டும், அதற்குள் 6,542 முதன்மை எண்கள் இருக்கின்றன, கொப்பி போதாது. ஆனால் ஒய்லர் நிறுவிய ஒரு விதி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: இந்த எண்ணுக்கு முதன்மைக் காரணி இருந்தால் அதை 64ஆல் வகுக்க மீதி 1 வந்தே ஆகவேண்டும். அப்படிப்பட்ட முதன்மை எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது முயற்சியிலேயே பிடிபட்டுவிடும்!

8 இலக்கக் கல்குலேட்டரில் இந்த எண் ஏறாது, கையால் வகுப்பதுதான் நல்லது. 4294இல் 641 ஆறு தரம் போக மீதி 448. 9ஐ இறக்கினால் 4489, ஏழு தரம் போக மீதி வெறும் 2. அடுத்து 26, 267, இரண்டிலும் போகாது, இரண்டு பூச்சியம் (இதில் ஒன்றை விட்டுவிடுகிற பிள்ளைகள் நிறையப் பேர், கவனம்). 2672இல் நாலு தரம், மீதி 108. 1089இல் ஒரு தரம், மீதி திரும்பவும் அதே 448. கடைசி 7ஐ இறக்கினால் 4487, சரியாக ஏழு தரம், மீதி இல்லை. ஈவு 6,700,417, அதுவும் முதன்மை எண்.

வரிசையில் அடுத்தது 2இன் 64ஆம் வலுவோடு ஒன்றைக் கூட்டினால் வருவது, 20 இலக்க எண். அதன் காரணி 274,177 என்று 1880இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் கண்டுபிடித்தார். அங்கே 64க்குப் பதில் 128. மகனிடம் 274,177ஐ 128ஆல் வகுக்கச் சொல்லுங்கள், மீதி 1தான் வரும்.