நாலு பக்கமும் சமம், ஆனாலும் சதுரம் இல்லை

கேள்வி: (1, 2), (5, 4), (7, 8), (3, 6) ஆகிய புள்ளிகளை வரிசையாக இணைத்தால் என்ன நாற்கரம் என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். நான்கு பக்கமும் √20 வந்தது. 'சதுரம்' என்று எழுதினேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. எங்கே தப்பு? – பத்தாம் வகுப்பு மாணவி

பதில்: கணக்கில் தப்பே இல்லையம்மா, பாதி வழியில் நிறுத்திவிட்டாய். நாலு குச்சிகளைச் சதுரமாகக் கட்டி, ஒரு மூலையைப் பிடித்து லேசாகத் தள்ளிப் பார். சட்டம் சாய்ந்துவிடும், குச்சியின் நீளம் மாறாது. மாறுவது மூலைவிட்டங்கள்தான்: ஒன்று நீளும், மற்றது குறுகும். அதனால் அவற்றையும் அளந்தே ஆக வேண்டும். (1, 2)-லிருந்து (7, 8)-க்குத் தூரத்தின் வர்க்கம் 36 + 36 = 72. (5, 4)-லிருந்து (3, 6)-க்கு 4 + 4 = 8. வர்க்கமூலம்கூட வேண்டாம், 72-உம் 8-உம் சமமில்லை என்பதே போதும். உன்னுடையது சாய்சதுரம். அதுவும் நன்றாகவே சாய்ந்தது. ஒரு மூலைவிட்டம் மற்றதைப் போல மூன்று மடங்கு!

நானும் இதில் மாட்டியவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு கணக்கு. புள்ளிகளை வரிசை மாற்றி (1, 2), (7, 8), (5, 4), (3, 6) என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன். பக்கங்களின் வர்க்கம் 72, 20, 8, 20 என்று வந்தது. எதிரெதிரே இரண்டு சமம், ஆகவே இருசமபக்கச் சரிவகம் என்று கம்பீரமாக அறிவித்தேன். கடைசி பெஞ்சுப் பையன் வரைந்து பார்த்துவிட்டு, "சார், கோடு ரெண்டும் (4, 5)-ல குறுக்க வெட்டுதே" என்றான். நான் பக்கம் என்று அளந்த இரண்டு, உண்மையில் மூலைவிட்டங்கள். அன்றிலிருந்து ஓரத்தில் ஒரு கிறுக்கல் படம் போடாமல் இந்தக் கணக்கைத் தொடுவதில்லை.

கேள்வி: என் மகனுக்கு (0, 1), (2, 2), (4, 3), (1, 5) என்று கொடுத்திருக்கிறார்கள். எந்த வடிவத்திலும் அடங்கவில்லையே? – ஒரு தந்தை

பதில்: அடங்காதுதான். முதல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே சாய்வு ½. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையிலும் ½. மூன்றும் ஒரே கோட்டில் உட்கார்ந்திருக்கின்றன. இணைத்துப் பார்த்தால் கிடைப்பது முக்கோணம். (2, 2) அதன் ஒரு பக்கத்தின் நடுவில் சும்மா நிற்கிறது. 'நாற்கரம் அமையாது' என்று எழுதச் சொல்லுங்கள், அதுதான் விடை.