தலைக்காயத்திலிருந்து பிழைத்து வந்த கணவர் வேறு ஆளாக நடந்துகொள்கிறார். பழையபடி ஆவாரா? யாரிடம் உதவி கேட்பது?

விபத்து நடந்து நான்கு மாதம் ஆகிறது, நடக்கிறார், சாப்பிடுகிறார், ஆனால் சட்டென்று கோபம் வருகிறது, கேட்டதையே கேட்கிறார், பகலெல்லாம் தூங்குகிறார், "உடம்புதான் தேறிவிட்டதே, நடிக்கிறான்" என்று வீட்டில் பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். சொன்னது உங்கள் மாமியாராக இருக்கும். எங்கள் வீட்டில் என் நாத்தனார் சொன்னார்.

அது நடிப்பில்லை, தங்கச்சி. மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தவசுப்பிள்ளை. திருநெல்வேலிப் பக்கம் கல்யாண சமையல்காரரை அப்படித்தான் சொல்வோம். மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் தேங்காய்ப் பால் குழம்பான சொதி என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். அண்டாவிலிருந்து எழும் ஆவியைக் கையால் வீசி முகர்ந்து, "இன்னும் ஒரு கை உப்பு" என்பார். சரியாக இருக்கும். 2022 ஆவணியில் ஒரு முகூர்த்த வேலைக்காக விடியற்காலை மூன்றரை மணிக்கு பைக்கில் போனவரை ஒரு வேகத்தடை தூக்கி எறிந்துவிட்டது. முந்தின நாள்தான் அதைப் போட்டிருந்தார்கள். வெள்ளைக்கோடும் இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று கேட்க வருபவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெட்ரோல் டேங்க் மேல் வைத்திருந்தார். தவறுதான். அந்தத் தவறுக்கான தண்டனையை அவர் தினமும் அனுபவிக்கிறார், நீங்களும் புதிதாகச் சொல்ல வேண்டாம்.

108 வந்தது. விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை, அப்போது ஒரு லட்சம் ரூபாய் வரை, அரசே ஏற்ற 'நம்மைக் காக்கும் 48' திட்டம் அதற்கு முந்தின டிசம்பரில்தான் தொடங்கியிருந்தது. கையில் பணம் இல்லாமலே அன்று காலை அறுவை சிகிச்சை நடந்தது. மூளை வீங்கியிருந்ததால் நெற்றிப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மண்டையோட்டு எலும்பை எடுத்து, அது கெட்டுப்போகாமல் இருக்க அவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அதை எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். அதுவரை நெற்றியில் ஒரு பள்ளம் இருந்தது. தலை துவட்டும்போது அந்த இடம் என் விரலுக்குக் கீழே மெல்லத் துடிக்கும்.

உயிரைக் காப்பாற்றிய டாக்டர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும் அன்று எங்கள் கையில் கொடுத்தது வலிப்பு வராமலிருக்க மாத்திரையும் தையல் பிரிக்கும் தேதியும்தான். எப்படிப்பட்ட மனிதரை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று ஒருவரும் என்னை உட்கார வைத்துச் சொல்லவில்லை.

ஒரு மாலை பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கேஸ் நாற்றம் அடித்தது. ஓடி வந்து பார்த்தால், அடுப்பைத் திறந்துவிட்டு நடுவில் நின்று தீப்பெட்டி தேடிக்கொண்டிருக்கிறார். பிடுங்கி எறிந்துவிட்டு, "வாசனை வரவில்லையா?" என்று கத்தினேன். "என்ன வாசனை?" என்றார். இருபது வருடம் முகர்ந்தே சமைத்த மனிதர்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வாசனை நரம்பின் இழைகள் மூக்குக்கு மேலே உள்ள எலும்பின் சின்னத் துளைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. தலை அதிர்ந்து மூளை குலுங்கும்போது அவை அறுந்துவிடலாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் கோபத்தை அடக்குகிறது, எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று வரிசைப்படுத்துகிறது, ஒரு வேலையைத் தானாகத் தொடங்கவும் வைக்கிறது. அங்கே அடிபட்டால் ஆள் சோம்பேறி போலவும் முரடன் போலவும் தெரிவார். நாள் முழுக்கத் தூங்குவதும் பெரும்பாலும் காயத்தால் வரும் களைப்புதான். இதைச் சொன்ன பிறகு என் நாத்தனார் வாயை மூடிக்கொண்டார். உங்கள் மாமியாருக்கும் டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள். நாம் சொன்னால் எடுபடாது.

என் தம்பி விசாரித்துச் சொல்லி வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். டாக்டர் மேரி வர்கீஸ் முயற்சியால் 1966-இல் வந்த இடம் அது. அவரே 1954-இல் ஒரு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடி வைத்தியம் பார்த்தவர். அங்கே இருந்த நாட்களில் அதை நினைத்து நினைத்துத்தான் தெம்பை வரவழைத்துக்கொண்டேன். அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி பார்த்த பெண் முதல் நாளே என் வீட்டுக்காரரிடம், "நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். சொதி வைப்பேன் என்றார். "எப்படி வைப்பது, எனக்குச் சொல்லுங்கள்" என்று நோட்டை எடுத்துக்கொண்டார் அந்தப் பெண். இவருக்குச் சொல்ல வரவில்லை. எல்லாம் தெரியும், வரிசைதான் வரவில்லை.

சொதி வைக்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும். மூன்றாம் தேங்காய்ப் பாலில் காய் வேக வேண்டும், பிறகு இரண்டாம் பால், முதல் பால் கடைசியில். அதை ஊற்றிய பிறகு கொதிக்க விட்டால் திரிந்துபோகும். ஊர் திரும்பி வீட்டில் முதன்முதலாக வைத்தபோது கெட்டிப் பாலைத்தான் முதலில் ஊற்றினார். தளதளவென்று கொதித்துத் திரிந்துவிட்டது. சட்டுவத்தைச் சுவரில் எறிந்தார். அந்தக் கறையை நான் இன்னும் துடைக்கவில்லை, அவரும் துடைக்கச் சொல்லவில்லை.

அட்டையில் பெரிய எழுத்தில் ஒவ்வொரு படியாக எழுதி அடுப்புக்கு எதிரே மாட்டினோம். ஒரு படி முடிந்தால் பென்சிலால் ஒரு கோடு. அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தது அதுதான். ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் சொல்லக் கூடாது, டிவி ஓடக் கூடாது, முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்க வேண்டும். மூக்குக்குப் பதிலாகக் காதும் கண்ணும். கடுகு வெடிப்பதைக் கேட்கலாம், நுரை அடங்குவதைப் பார்க்கலாம்.

ஆனாலும் அவரைத் தூக்கி நிறுத்தியது அட்டை இல்லை, அவரோடு சமைக்கப் போகும் செட். தலைமைச் சமையல்காரர் அண்ணாச்சி ஒருநாள் வீட்டுக்கு வந்தார். விபத்து நடந்த புதிதில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கும். ஏழாவது மாதம் வந்தவர் இவர் ஒருவர்தான். "தேங்காய் துருவ வரட்டும், அரை நாள் போதும்" என்றார். பாத்திரச் சத்தம் இல்லாத ஒரு மூலையில் உட்கார வைத்தார். மூன்று பேர் மூன்று பக்கமிருந்து கூப்பிடக் கூடாது, சிரிக்கக் கூடாது, இவர் கத்தினால் பதில் பேசாமல் ஒருவன் கிணற்றடிக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்று பையன்களுக்கு உத்தரவு. எடுபிடி வேலைக்கு வந்த ஒரு பையன்தான் இப்போது அவருக்கு மூக்கு. பக்கத்தில் நின்று முகர்ந்து பார்த்து, "மாமா, பச்சை வாசனை இன்னும் போகவில்லை" என்பான்.

அரசு உதவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. மூளைக்காயம் என்று தனியாக ஒரு வகை இல்லை. காயம் விட்டுவைத்த குறையைப் பொறுத்து வேறொரு பிரிவில்தான் போக வேண்டும். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கான முகாமில் ஒரு டாக்டர் இவரைக் கையைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று அனுப்பிவிட்டார். மூன்றாவது முறை மனநல மருத்துவர் ஒரு மணி நேரம் பேசிப் பார்த்து எழுதிய பிறகுதான் மாற்றுத்திறனாளி அட்டை கிடைத்தது. அதில் இருக்கும் 'மனநோய்' என்ற சொல்லைப் பார்த்து அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீங்கள் போகும்போது என்ன மறக்கிறார், எப்போது கோபப்படுகிறார் என்று தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் பத்து நிமிடம் எல்லோருமே நன்றாகத்தான் பேசுவார்கள்.

சென்னையில் இருந்தால் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. எழுந்து நடக்க முடியாதவர் என்றால் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியவில்லை. அந்த வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு போடச் சொல்லித் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நான்கு முறை மனு கொடுத்தேன். நான்கு முறையும் ரசீது வந்தது, பெயின்ட் வரவில்லை. வேகத்தடைக்குக் கோடும் அதற்கு முன்னால் பலகையும் வேண்டும் என்று, சாலை அமைப்பதற்கு விதி வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதியிலேயே இருக்கிறது. கடைசியில் அண்ணாச்சியின் பையன்களே ஒரு டப்பா சுண்ணாம்பு வாங்கிப் போய் ராத்திரியோடு ராத்திரியாக அடித்துவிட்டு வந்தார்கள். மழைக்கு மழை அடிக்கிறார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ நான் சொல்லவில்லை, முக்கியமாக வலிப்பு மாத்திரையை. எல்லோருக்கும் ஒரே மாதிரி தேறும் என்றும் சொல்லவில்லை, காயத்துக்குக் காயம் வேறு. முதல் ஆறு மாதம் வேகமாகத் தேறும், பிறகு மெதுவாகும். ஆனால் இரண்டு வருடம் கழித்தும் என் கண்ணால் மாற்றம் பார்த்திருக்கிறேன். பழையபடி ஆவாரா என்று கேட்டீர்கள். என்னவர் ஆகவில்லை. வாசனை திரும்பவில்லை. கோபம் வருகிறது, ஆனால் வரப்போகிறது என்று அவருக்கே தெரிந்து எழுந்து வெளியே போய்விடுகிறார்.

போன மாதம் ஒரு மறுவீட்டுக்கு நூற்றைம்பது பேருக்குச் சொதி வைத்தார். அட்டையை அண்டாவுக்கு எதிரே கட்டியிருந்தார்கள். முதல் பாலை ஊற்றும் முன் அடுப்பைத் தானே தணித்தார். யாரும் சொல்லவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து, பந்தி எப்படி இருந்தது என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சொன்னேன்.

உங்கள் கணவர் என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லையே. கூட வேலை பார்த்தவர்கள் யாராவது இன்னும் வந்து போகிறார்களா? அதையும் எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.